காலையில பேசின அப்பா

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு போன் பண்ணணும்.

நெரிசல்ல விரார் ஃபாஸ்ட் ட்ரெய்ன்ல ஏறி தாதர்ல இறங்கச் சொல்லல. உக்காந்த இடத்துல ஒரு போன். அதைச் சொதப்ப தனித் திறமை வேணும். எனக்கு இருக்கு.

விஷயம் இதுதான். நாங்க தாராவியில ஒரு ரூம்ல இருக்கோம். கீழ சமையல், மேல படுக்கை, நடுவுல செங்குத்தா ஒரு இரும்பு ஏணி. அம்மாவுக்கு ரெண்டு வருஷமா முட்டி வலி. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, இனிமே ஏணி ஏறவே கூடாதுன்னுட்டார். அன்னையிலேருந்து அம்மா கீழ அடுப்புப் பக்கத்துல காலை மடக்கிப் படுக்கறாங்க. நீட்டினா கேஸ் சிலிண்டர்ல இடிக்கும்.

அப்பாவோட சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். மூணு தெரு, ரெண்டு டீக்கடை, ஒரு சர்ச். அங்க ஒரு வீடு வாடகைக்கு வந்திருக்கு. ஏணி கிடையாது, மாடியே கிடையாது. சமையக்கட்டுல ஜன்னல் உண்டுன்னு கேள்விப்பட்டதிலேருந்து அம்மா அந்த ஜன்னலைப் பத்தியேதான் பேசறாங்க. அதுல கொத்தமல்லித் தொட்டி எந்த மூலையில வைக்கறதுங்கற வரைக்கும் முடிவாயிருச்சு.

முடிவாகாதது அப்பா மட்டும்தான்.

அவர் கிங்ஸ் சர்க்கிள்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். அடுத்தவன் எடுத்த முடிவையெல்லாம் நாலு காப்பி போட்டுக் குடுப்பார். சொந்தமா ஒண்ணு எடுக்கணும்னா நடக்காது. சட்டை வாங்கப் போனவர் மூணு நாள் யோசிச்சு கர்ச்சீப் வாங்கிட்டு வந்த வரலாறு எங்க வீட்டுல இருக்கு.

காலையில கிளம்பும்போது சொன்னார்: "ஜெபா, அந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டு மூணே மூணு கேள்வி கேளு. தண்ணி எப்ப வரும், பஸ் எப்ப வரும், போன்ல டவர் கிடைக்குமா. ஒரு நோட்டுல நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் எழுதி வை. சாயங்காலம் பாத்து முடிவு பண்ணுவோம்."

காலேஜ் அட்மிஷன் சீசன். கடையில கூட்டம். அவரால பேச முடியாது. சாயங்காலத்தைத் தாண்டவும் முடியாது. செம்பூர்ல ஒரு குடும்பம் அதே வீட்டைக் கேட்டுட்டு நிக்குது.

இங்க என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லியாகணும். எனக்குப் பதினேழு வயசு. யார் குரல் காதுல விழுந்தாலும் என் வாயில வந்துரும். ட்ரெய்ன்ல "அகலா ஸ்டேஷன்"னு அடுத்த ஸ்டேஷன் பேர் சொல்ற அக்கா குரல்ல நான் பேசினதை நம்பி, ஒரு ஆள் தூக்கத்துலேருந்து எழுந்து, சுனாபட்டியில இறங்க வேண்டியவர் ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிட்டார். பிரின்சிபால் குரல்ல நான் விட்ட லீவை ஒரு கிளாஸே அனுபவிச்சிருக்கு.

போன வருஷம் எங்க ஊர் சர்ச்சுல அசனம். அதாவது ஊரே வரிசையா உக்காந்து சாப்பிடற விருந்து. நான் இங்கேருந்து பாஸ்டர் குரல்ல அங்க இருக்கற செல்வி அத்தைக்குப் போன் போட்டு, "அம்மா, இந்தத் தடவை சாம்பார் முழுக்க உங்க பொறுப்பு"ன்னு ஒரு போடு போட்டேன். அத்தை ரெண்டு மூட்டை கத்தரிக்காய் இறக்கினப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. அத்தை வீட்டுல ஒரு வாரம் கத்தரிக்காய் கூட்டு. அந்தத் தெருவுல இப்பவும் கத்தரிக்காயைப் பாத்தா என் பேரைச் சொல்றாங்களாம்.

அந்த வரலாற்றோடதான் போன் போட்டேன்.

வீட்டம்மா அந்த ஊர் போஸ்ட் ஆபீஸ்ல முப்பது வருஷம் கவுண்டர்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஊருக்கு அவங்க போஸ்டம்மா. எடுத்த உடனே, "யாரு பேசுதது?"

"பம்பாயிலேருந்து செல்வராஜ் மகன் பேசறேன், வீட்டு விஷயமா..."

"சின்னப் பிள்ளையோட நான் வீட்டு விஷயம் பேசுததில்ல. பெரிய ஆளு இருந்தா குடு."

இந்த இடத்துல ஒரு நல்ல பையன் என்ன பண்ணுவான்? அப்பா கடையில இருக்கார், அப்புறம் பேசச் சொல்றேன்னு சொல்லி வச்சிருவான்.

நான் போனைத் தள்ளிப் பிடிச்சேன். "அப்பா, உங்களுக்குத்தான்"னு சுவத்தைப் பாத்துக் கூப்பிட்டேன். செருப்பை ரெண்டு தேய் தேய்ச்சேன். தொண்டையை ரெண்டு தடவை செருமினேன், அப்பா எதுக்கு முன்னாலயும் செருமுவார். "அதாவது பாத்தீங்கன்னா... சொல்லுங்கம்மா, செல்வராஜ்தான்."

நான் மூணு கேள்வி கேக்கணும். போஸ்டம்மா பதினாலு கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணி ஆராதனைக்கு வருவியளான்னு கேட்டாங்க. காலையில அஞ்சரை. எட்டு மணிக்கு முன்னாடி எங்க அப்பா முழிச்சிருந்ததை நான் பாத்ததே இல்ல. "அஞ்சே காலுக்கே வந்துருவேன்மா"ன்னேன்.

கொல்லையில நாலு தென்னை நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் கிணத்துலேருந்து தினம் ரெண்டு வாளி இறைச்சு ஊத்தணும், மோட்டார் கிடையாது, செய்வியளான்னாங்க. "உடம்புக்கு நல்லதாச்சே"ன்னேன். எங்க அப்பா ஜெராக்ஸ் பேப்பர் கட்டைத் தூக்கினாலே ரெண்டு தடவை உக்காருவார்.

புகையிலை போடுவியளான்னாங்க. அந்த வாசனையே ஆகாதுன்னேன். அப்பா சட்டைப்பை எப்பவும் லேசா உப்பியிருக்கும். டப்பா.

சர்ச் பாட்டுக்குழுவுல கட்டைக் குரலுக்கு ஆள் இல்லையே, பாட வருமான்னாங்க. சொன்னா நம்பமாட்டீங்க, நாலு சுரத்தை அடிவயித்துலேருந்து முனகியே காட்டினேன். அப்புறம், "நல்ல குரல் உங்களுக்கு"ன்னாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

கடைசியா வந்தது அந்தக் கேள்வி. "உங்களுக்கு ஒரு பையன் இருக்கானாமே. அந்தக் கத்தரிக்காய் பையன். போன்ல அடுத்தவங்க குரல்ல பேசுவானாம். அவன் இங்க வந்தா ஊரு தாங்குமா?"

கையில இருந்த வீடு நழுவுது. அம்மாவோட ஜன்னல், கொத்தமல்லித் தொட்டி எல்லாம் கண்ணு முன்னாடி போகுது. யோசிக்க நேரமில்ல. யோசிச்சிருந்தாலும் நான் யோசிக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

"அதை ஏன்மா கேக்கறீங்க"ன்னு குரலைத் தழுதழுக்க வச்சேன். "அவனுக்குத் தொண்டையே போயிருச்சு. குரலே வரல. மூணு மாசம் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"கொஞ்சம் முன்னால எங்கிட்ட பேசினானே?"

"அதான்மா அவன் கடைசியா பேசினது."

போஸ்டம்மா பதறிட்டாங்க. நல்ல மனுசனுக்கு இப்படி ஒரு சோதனையான்னாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்களே போன் பண்றதா சொன்னாங்க, அப்ப பேசி முடிச்சுக்கலாமாம். வச்சுட்டு நான் ஏணியைப் பிடிச்சுட்டு ஒரு ஆட்டம் போட்டேன்.

அப்புறம் நோட்டைத் தொறந்தேன். பேச்சுவாக்குல தெரிஞ்சது ஒண்ணுதான். நல்லது: கிணறு இருக்கு. கெட்டது: கிணறுதான் இருக்கு.

(தமிழ் எழுத்துல நான் மூணாங்கிளாஸ் லெவல். இந்தப் போஸ்ட்டே போன்கிட்ட வாயால சொல்லி டைப் பண்ணதுதான்.)

இனிமேதான் சின்ன ஊரைப் பத்தி நான் கத்துக்கிட்டது வருது.

பத்து நிமிஷத்துல போஸ்டம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு சர்ச்சுல பெண்கள் ஜெபக்கூட்டம். அங்க மைக்ல எனக்காக ஜெபம் பண்ணியிருக்காங்க. மைக் சத்தம் செல்வி அத்தைக்குக் கேட்டிருக்கு. அத்தை கத்தரிக்காயையெல்லாம் மறந்து அழுதுட்டே மும்பை ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. "செல்வராஜ் மகனுக்குக் குரல் போய்விட்டது. ஜெபியுங்கள்." கீழ நாப்பது பேர் கைகூப்பியிருந்தாங்க.

நான் போன் வச்சு அரை மணிநேரம் கூட ஆகல. இங்க தாராவியில எங்க சந்தோட அந்த முனையில சமோசா சூடா போட்டா இந்த முனைக்குத் தெரிய ஒரு மணிநேரம் ஆகும்.

மாவு அரைக்கப் போயிருந்த அம்மா பாத்திரத்தோட ஓடி வந்தாங்க. வழியிலயே ரெண்டு பேர் ஆறுதல் சொல்லியாச்சாம். நான் காதுக்குள்ள மொத்தத்தையும் சொல்லிட்டேன்.

அடி விழும்னு கன்னத்தைத் தயாரா வச்சிருந்தேன். அம்மா பொய் சொல்லி நான் பாத்ததில்ல. வாசல்ல வர்ற வசூல்காரங்ககிட்ட கூட வீட்டுல ஆள் இருக்கோம்னுதான் சொல்வாங்க. அவங்க ஏணியைப் பாத்தாங்க. சிலிண்டரைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, "ஆறு மணி வரைக்கும் வாயைத் தொறந்தே, கொன்னுருவேன்."

அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லலாம்னு அம்மா போன் போட்டுப் போட்டுப் பாத்தாங்க. எடுக்கல. அதுக்குள்ள ஆள் வர ஆரம்பிச்சாச்சு.

முதல்ல ஊர்ச் சங்கத்துச் செயலாளர் தனராஜ் மாமாவும், அவர் வீட்டுக்காரி புஷ்பம் அத்தையும். கையில பிரெட், ஹார்லிக்ஸ். பின்னாலயே சங்கத்து ஆளுங்க பத்துப் பன்னெண்டு பேர். எங்க ரூம்ல நாலு பேர் உக்காந்தாலே அஞ்சாவது ஆள் ஏணியில நிக்கணும். அன்னைக்கு ஏணியில படிக்கு ஒருத்தரா நின்னாங்க.

என் வாயில என்னென்ன ஊத்தினாங்கன்னு கேக்காதீங்க. மிளகுக் கஷாயம். மஞ்சள் பால். பக்கத்து ரூம் மராத்திக்காரம்மா குடுத்த ஓம வெந்நீர். திரும்பவும் மிளகு. யாருகிட்டயும் வேண்டாம்னு சொல்ல முடியாது. எதையும் சொல்ல முடியாது. நாலாவது டம்ளருக்கு அப்புறம் பாத்ரூம் போகணும்னு சைகை காட்டினேன். "பாவம், ஜெபம் பண்ணணும்னு கேக்கான்"னு புஷ்பம் அத்தை கண்ணை மூடிட்டாங்க. நீண்ட ஜெபம்.

வந்தவங்களுக்குள்ள ஊர்ப் பேச்சு கிளம்பிருச்சு. தனராஜ் மாமா ஊர்க் கட்சி. "அங்க காலையில அஞ்சு மணிக்கு ஒருத்தன் தும்முனாம்னா ஆறு மணிக்குள்ள ஆவி பிடிக்க வெந்நி வந்துரும், பாத்துக்கோ."

புஷ்பம் அத்தை பம்பாயை விட்டு நகரமாட்டேங்கற கட்சி. "வெந்நி மட்டுமா வரும்? எதுக்குத் தும்முனான்னு நாலு கதையும் சேந்தே வரும். நீரு ஊர்ல இருந்தப்ப யாரோட சைக்கிள்ல போனீருன்னு எனக்கு இங்க வந்து சொன்னவ உண்டு, வே."

மாமா அதுக்கப்புறம் பிரெட் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார்.

நான் நோட்டுல எழுதினேன். நல்லது: வெந்நீர் வரும். கெட்டது: கதை வரும். வாழ்க்கையில முதல் தடவையா நாள் பூரா வாயை மூடிட்டு அடுத்தவங்க பேசறதைக் கேட்டேன். அவ்வளவு பேர் குரலும் உள்ள போய் உக்காந்துருச்சு, ஒண்ணைக் கூட வெளிய விட முடியல. வயிறு முட்டச் சாப்பிட்டு ஏப்பம் வராத மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம். அப்பா வந்தார்.

சாயங்காலம்தான் கிங்ஸ் சர்க்கிள்ல யாரோ கடைக்கே போய்ச் சொல்லியிருக்காங்க. சீசன் சனிக்கிழமை, வாசல்ல வரிசை நிக்கும்போது ஷட்டரை இழுத்துட்டார். கையில பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, கடையில என்னென்ன இருந்ததோ அத்தனையும். எதை வாங்கறதுன்னு அவருக்கு முடிவு பண்ணத் தெரியலைங்கறது பையைப் பாத்தாலே தெரிஞ்சது. சட்டையெல்லாம் வேர்வை. கூட்டத்தைப் பிளந்துட்டு வந்து என் முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு, "நீ பேச வேண்டாம்டா. நான் இருக்கேன்"ன்னார்.

நான் எத்தனையோ பேரை ஏமாத்தியிருக்கேன். ஒருத்தராவது இப்படி என் முகத்தைப் பிடிச்சதில்ல. பதினஞ்சு ஜோடிக் கண்ணு பாக்குது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஒரு நிமிஷம் என் குரல் நிஜமாவே போயிருந்தாத் தேவலைன்னு இருந்தது.

அம்மா அவரை ஓரங்கட்டி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாங்க. அதுக்குள்ள என் போன் அடிச்சுருச்சு.

சரியா ஆறு. போஸ்ட் ஆபீஸ் டைமிங்.

அப்பா எடுத்தார். சத்தத்துல காது கேக்கலைன்னு ஸ்பீக்கர்ல போட்டார். எல்லாரும் கப்சிப்.

"காலையில பேசினோமே, அது எல்லாம் சம்மதம்தானே?"ன்னாங்க போஸ்டம்மா.

அப்பா முழிச்சார். அம்மா அவர் கையைக் கிள்ளினாங்க. அவர் கையைத் தடவிட்டே, "அதாவது பாத்தீங்கன்னா... தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?"

"அதான் கிணறுன்னு சொன்னேனே. நீங்களும் இறைக்கேன்னு சொன்னியளே."

"நானா?"

"அஞ்சரை மணி ஆராதனைக்கு?"

"சாயங்காலம்தானே?"

"பாட்டுக்குழு?"

"எனக்குப் பாட்டு சுத்தமா வராதும்மா."

அந்தப் பக்கம் அமைதி. போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை குத்தறதுக்கு முன்னாடி கை மேல நிக்குமே, அப்படி ஒரு அமைதி. அப்புறம் வந்தது பாருங்க.

"ஏலே. நீ அந்தப் பையன்தானே?"

அப்பா திரும்பி என்னைப் பாத்தார். நான் கூரையைப் பாத்தேன்.

"குரல் போயிட்டுன்னு காலையில அந்த மனுசன் எங்கிட்ட அழாத குறையாச் சொன்னாரு. ஊரே உனக்கு ஜெபம் பண்ணியிருக்கு. நீ என்னன்னா சாயங்காலமே அப்பா மாதிரி பேசி எங்கிட்ட விளையாடுதியா? போனை அவருகிட்ட குடு."

"அம்மா, நான்தான் அப்பா."

"முப்பது வருசம் கவுண்டர் கம்பிக்குப் பின்னால இருந்து குரலை வச்சே ஆளைச் சொன்னவ நான். உனக்கு நடிக்கவும் வரல. அவரு செருமுதது கூட உனக்குச் சரியா வரலையே."

அப்பா பரிதாபமா ஒரு தடவை செருமிக் காட்டினார். எடுபடல. ஆதார் நம்பர் சொல்லட்டுமான்னு கேட்டார். அதையும் அந்தப் பய மனப்பாடம் பண்ணியிருப்பான்னுட்டாங்க போஸ்டம்மா. நாப்பத்தெட்டு வருஷம் செல்வராஜா வாழ்ந்த மனுஷன், கூட்டத்துல எல்லாரையும் ஒரு சுத்து பாத்தார், யாராவது சாட்சி சொல்லமாட்டாங்களான்னு.

"இப்படிப்பட்ட பையனை வச்சுக்கிட்டு அவரு பாவம் என்ன செய்வாரு. எனக்கு இது சரிப்படாது. வீட்டைச் செம்பூர்க்காரங்களுக்கே குடுத்துருதேன்."

அம்மா முட்டியில கையை வச்சுட்டு மெதுவா உக்காந்தாங்க, அடுப்புப் பக்கத்துல.

எனக்கு ஒரு வழி இருந்தது. போனை வாங்கி காலைக் குரல்ல ஒரே ஒரு வரி. "மன்னிச்சுக்கோங்கம்மா, பையன் விளையாடிட்டான்." வீடு எங்களுக்குத்தான். அதுக்காகத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா அப்பா பக்கத்துலயே நிக்கறார். கையில அந்தப் பனங்கற்கண்டுப் பை. அவரை வச்சுக்கிட்டே நான் அவரா பேசணும்.

வந்தது என்னோட குரல். அதுவும் ஓமமும் மிளகும் சேந்து கரகரன்னு.

"பெரியம்மா, இவர்தான் நிஜ அப்பா. காலையில பேசினது நான்."

ஏணியிலேருந்து ஒரு அலறல். "பேசிட்டான்! கர்த்தர் குரலைக் குடுத்துட்டார்!" புஷ்பம் அத்தை கையைத் தட்ட, கூட ரெண்டு பேர் தட்டினாங்க. நாலாவது தட்டுல தனராஜ் மாமாவுக்கு நான் சொன்னது உறைச்சது. அப்புறம் ஒவ்வொரு கையா நின்னது. மாமா பிரிச்ச பிரெட் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு மூடினார்.

போன்ல போஸ்டம்மா நிதானமாத்தான் கேட்டாங்க. "அப்ப நாலு தென்னைக்கும் தண்ணி ஊத்துதேன்னது?"

"நான்."

"அஞ்சே காலுக்கு வாரேன்னது?"

"நான்."

"பாடிக் காட்டினது?"

"அதுவும் நான்தான் பெரியம்மா."

பெருமூச்சு கேட்டது. "அந்த மனுசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது"ன்னாங்க. செத்துப்போனவரைப் பத்திச் சொல்ற மாதிரி.

ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேட்டாங்க. நான் ஏணியைச் சொன்னேன். முட்டியைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். கொத்தமல்லித் தொட்டி வரைக்கும் சொன்னேன்.

"சரி. வீடு காலையில பேசின ஆளுக்குத்தான். உங்க அப்பா அந்த ஆளா வாரதா இருந்தா சாவி தாரேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் செம்பூருக்குப் போன் போடணும். நீ ஒரு வேலை செய்யணும்லே. குரல் வந்துட்டுன்னு இங்க வந்த முதல் ஞாயித்துக்கிழமை சர்ச் மைக்ல நீயே சொல்லணும். உன் சொந்தக் குரல்ல."

எல்லாரும் அப்பாவைப் பாத்தாங்க. கர்ச்சீப் செல்வராஜ். நான் நோட்டை நீட்டினேன், நல்லது கெட்டது பாக்கட்டும்னு. அவர் நோட்டைத் தொடவே இல்ல. அம்மா முட்டியைப் பாத்தார். சட்டைப்பையில இருந்த டப்பாவை எடுத்து தனராஜ் மாமா கையில குடுத்தார். ரெண்டு தடவை செருமினார்.

"அஞ்சே காலுக்கே வந்துருவேன்மா."

அடுத்த மாசம் கிளம்பறோம். அம்மா கொத்தமல்லி விதை வாங்கியாச்சு. நான் மைக்ல என்ன பேசறதுன்னு எழுதி வச்சிருக்கேன், ஆனா என் சொந்தக் குரல் எதுன்னு எனக்கே இப்ப கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஊர்ல என் பேர் மாறியிருக்குன்னு செல்வி அத்தை சொன்னாங்க. கத்தரிக்காய் போய் ஊமையன் ஆயிருக்கேன்.

அப்பா தினம் கடையிலேருந்து வந்ததும் என் முன்னாடி உக்காந்துடறார். எப்படி எழுந்திரிக்கணும், எப்படித் தண்ணி இறைக்கணும், கட்டைக் குரல்ல எப்படிப் பாடணும், எல்லாம் கிளாஸ் நடக்குது. கஷ்டப்பட்டுக் கத்துக்கறார்.

நேத்து ஒரு தடவை செருமினார். நான் நிறுத்திச் சொன்னேன், "அப்பா, நீங்க இப்படிச் செருமமாட்டீங்க."